471 என்னும் எண்: ஒரு பால்மமாக்கியைப் பற்றிய விசாரணை

கடையில் வாங்கிய ஐஸ்கிரீம் டப்பாவையோ ரொட்டிப் பொட்டலத்தையோ திருப்பிப் பார்ப்பவர், பால், சர்க்கரை, தாவர எண்ணெய் என்று பழகிய பெயர்களையெல்லாம் கடந்து, பட்டியலின் கடைசிப் பகுதியில் ‘எமல்சிஃபயர் 471’ என்ற இடத்தில் சற்றே தயங்கி நிற்பார். தமிழில் பால்மமாக்கி என்று வழங்கும் இந்தப் பதார்த்தத்தை விஷமென்று அஞ்சி ஒதுக்குவோரும், சர்க்கார் அனுமதித்ததாயிற்றே என்று அமைதி கொள்வோரும் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். பெயரையும் எண்ணையும் கொண்டே பொருளை அறிந்துவிட்டதாக இருதிறத்தாரும் எண்ணுகிறார்கள். பெயரோ அது செய்யும் காரியத்தைத் திரித்துச் சொல்கிறது, எண்ணோ அது பிறந்த இடத்தைச் சொல்லாமலே விட்டுவிடுகிறது.

எண்ணெயும் நெய்யும் கிளிசரினும் கொழுப்பமிலங்களும் கூடி ஆனவை என்பதைப் பிரெஞ்சு ரசாயன அறிஞர் ஷெவ்ரல் 1823-இல் வெளியிட்ட நூலில் நிலைநாட்டினார். அவ்விரண்டையும் மீண்டும் கூட்டி, கொழுப்பமிலம் ஒன்றும் இரண்டும் மூன்றுமாக ஏறிய கிளிசரைடுகளைச் சோதனைச்சாலையில் ஆக்கிக் காட்டியவர் 1850-களில் உழைத்த பெர்த்தலோ. கிளிசரினுக்கு மூன்று கைகள் என்று வைத்துக்கொண்டால், சமையல் எண்ணெயில் மூன்று கைகளிலும் கொழுப்பமிலம் பற்றியிருக்கிறது; 471-இலோ ஒரு கையிலோ இரண்டு கைகளிலோதான் பற்றியிருக்கிறது. வெறுங்கை நீரை நாடும், கொழுப்பமில வால் எண்ணெயை நாடும். ஆகவே இரண்டும் சந்திக்கும் எல்லையில் போய் நிற்பது இதன் சுபாவமாயிற்று. எண்ணெயைக் கிளிசரினோடு கூட்டி, காரப் பொருளொன்றின் துணையால் 200 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேற்றினால் கொழுப்பமிலங்கள் கைமாறிக்கொள்கின்றன. தொழிற்சாலை முறை இதுவே.

நீரும் எண்ணெயும் பிரியாதபடி கட்டிவைப்பது பால்மமாக்கியின் தொழில் என்பது பாடப்புத்தக இலக்கணம். ஐஸ்கிரீமில் இது செய்வது நேர்மாறான காரியம். பெரும் அழுத்தத்தில் செலுத்தி நுண்துளிகளாக உடைக்கப்பட்ட பாலில், ஒவ்வொரு கொழுப்புத்துளியையும் கேசின் என்னும் பால்புரதம் போர்த்திக்கொள்வதால், 471-இன் தயவு இல்லாமலே அந்தப் பால்மம் உறுதியாக நிற்கும். சொல்லப்போனால் அளவுக்கு மீறி உறுதியாக நிற்கும். கலவையைச் சுமார் 4 டிகிரியில் சில மணி நேரம் ஆறவிடும்போது, நூற்றுக்கு 0.1 முதல் 0.3 பங்குவரை சேர்க்கப்பட்ட 471 துளியின் மேற்பரப்பில் நுழைந்து, கேசினை அப்புறப்படுத்தி, தடித்த போர்வையை மெல்லிய போர்வையாக்கிவிடுகிறது. பின்னர் உறையவைக்கும் இயந்திரத்தின் துடுப்பு அடிக்கும்போது, துளிகள் ஒன்றோடொன்று மோதிப் பாதி ஒட்டியும் பாதி ஒட்டாமலும் கொத்துக் கொத்தாகச் சேர்ந்து, காற்றுக் குமிழிகளைச் சுற்றி வேலி கட்டி நிற்கின்றன. மத்தால் தயிர் கடைந்து வெண்ணெய் எடுத்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று. கடையக் கடையக் கொழுப்புத்துளியின் உறை கிழிந்து, துளிகள் ஒன்றையொன்று பற்றித் திரளும் அந்தக் காரியத்தைப் பாதி வழியில் நிறுத்தினால் கிடைப்பதே ஐஸ்கிரீமின் உடற்கட்டு. பாலும் சர்க்கரையும் மட்டும் சேர்த்து வீட்டில் உறையவைத்ததை ஒரு தட்டிலும், கடை ஐஸ்கிரீமை மற்றொரு தட்டிலும் வைத்துப் பார்த்தால், முன்னது பாலாகவே வழிந்தோட, பின்னது உருகிய பிறகும் நுரைக்குவியலாக வடிவம் குலையாமல் குந்தியிருப்பது பிரத்தியட்சமாகத் தெரியும். (இதன் பெருமை முழுவதும் 471-ஐச் சேராது, காற்றைப் புகுத்திய இயந்திரத்துக்கும், உடன்சேர்த்த பசைப்பொருள்களுக்கும் பங்குண்டு.)

ரொட்டியில் இதன் வேலை இன்னும் வேறு. மாப்பொருளின் ஒரு கூறு திருகுசுருளாக வளையக்கூடியது. பள்ளிக்கூடத்தில் அயோடின் ஊற்றினால் கஞ்சி நீலமாவது அந்தச் சுருளுக்குள் அயோடின் புகுவதாலேயே. அதே சுருளுக்குள் இதன் வால் புகுந்துகொண்டு, மாப்பொருள் மீண்டும் இறுகுவதைத் தாமதப்படுத்துகிறது. மூன்றாம் நாளும் விரலால் அமுக்கினால் ரொட்டி குழைந்து எழுவது இதனால். அந்த மென்மையைக் கண்டு ரொட்டி புதிதென்று நம்புவது சரியாகாது.

ஆரோக்கியத்தைப் பற்றிய விவகாரத்துக்கு வருவோம். நாம் உண்ணும் எண்ணெய், கணையநீரால் ஜீரணமாகும்போது ஒரு கை பற்றிய இதே மோனோகிளிசரைடாகத்தான் குடலில் பிரிகிறது என்பதால், இதை உடலுக்கு முற்றிலும் அந்நியமான வஸ்து என்று சொல்ல இடமில்லை. 2017-இல் இதை மறுபரிசீலனை செய்த ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் அன்றாட உட்கொள்ளலுக்கு எண் வரம்பு தேவையில்லை என்றது. ஆனால் உற்பத்தியில் கலந்துவிடக்கூடிய கன உலோகங்கள் முதலிய மாசுகளின் வரம்பை இறுக்க வேண்டுமென்றும் சொன்னது. இந்தப் பின்பாதியை மேற்கோள் காட்டுவோர் குறைவு. சுண்டெலிகளின் குடலில் அழற்சி கண்ட 2015-ஆம் ஆண்டு ஆராய்ச்சி, கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ், பாலிசார்பேட் 80 என்னும் வேறு இரண்டு பொருள்களைப் பற்றியது. பால்மமாக்கி என்ற பொதுப்பெயர் பற்றி அந்தப் பழியை 471-இன் தலையில் ஏற்றுவது நியாயமன்று. அதேசமயம், பிரான்சில் ஏறத்தாழ 95,000 பேரின் உணவைப் பின்தொடர்ந்து 2023-இல் வெளியான ஆய்வு, 471-ஐ உள்ளிட்ட கிளிசரைடு வகைகளை மிகுதியாக உண்டோரிடம் இருதய ரத்தநாள நோய் சற்றே அதிகம் என்று கண்டதைப் புறந்தள்ளவும் கூடாது. காரணத்தை அத்தகைய ஆய்வு நிரூபிக்காது. பொட்டல உணவையே மிகுதியாக உண்ணும் வாழ்க்கைமுறையின் விளைவைக் கணக்கினால் முழுவதும் கழித்துவிட முடியாது. இருப்பினும், குடலில் பிறக்கும் பொருளோடு ரசாயன ஒற்றுமை இருப்பது ஒன்றே போதுமென்று விசாரணையை முடித்துக்கொள்வதற்கு அது தடையாக நிற்கிறது.

எஞ்சியிருப்பது மூலத்தைப் பற்றிய கேள்வி. பாமாயிலிலிருந்தும் 471 ஆக்கலாம், மாட்டுக்கொழுப்பிலிருந்தும் பன்றிக்கொழுப்பிலிருந்தும் ஆக்கலாம். எந்த வழியில் வந்தாலும் எண் ஒன்றே. இந்தியாவில் விற்கும் பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருந்தால் மாமிச மூலம் இல்லை என்றாவது அறியலாம். அந்தக் குறியீடு வழக்கத்தில் இல்லாத தேசத்தில் கடையேறும் சைவருக்கோ, பன்றியை விலக்கிய முஸ்லிமுக்கோ அந்த வசதியும் இல்லை. சேர்மானங்களை வெறும் சங்கேத எண்ணால் குறிப்பது போதாது, அவை தாவரத்திலிருந்து வந்தவையா, விலங்கிலிருந்து வந்தவையா, ஆய்வுக்கூடத்தில் ஆனவையா என்பதையும் வெளியிட வேண்டும் என்று டில்லி உயர்நீதிமன்றம் 2021 டிசம்பரில் பணித்தது. அந்த உத்தரவின் நோக்கத்தோடு இன்னொன்றையும் சேர்க்கவேண்டும் என்பது என் கோரிக்கை. மூலத்தோடு காரியத்தையும் எழுதுங்கள்: ‘பாமாயிலிலிருந்து ஆன மோனோகிளிசரைடு, ரொட்டி இறுகாதிருக்க’. ஐந்து சொற்கள்தாம், பொட்டலத்தின் பின்புறத்தில் அவற்றுக்கு இடமிருக்கிறது.