மரிக்கொழுந்துப் பாசி

கம்பம் பள்ளத்தாக்கில் கடலைப் பார்க்காமலே கடல்பாசி தின்று வளர்ந்தவர்கள் நிறையப் பேர். நோன்பு மாதத்தில் உத்தமபாளையத்து நண்பன் வீட்டிலிருந்து தூக்குவாளியில் கஞ்சியும், தட்டில் ரோஸ் கலர் கடல்பாசித் துண்டுகளும் வரும். "இது கடல்ல மொளைக்கிற பாசிடா" என்றான் அவன். எங்கள் கிணற்றுப் படியில் வழுக்குவதும் பாசிதானே என்று கேட்டதற்கு வீட்டில் திட்டு விழுந்தது. யோசித்தால் அது நல்ல கேள்விதான்.

வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகை, ராமநாதபுரம் கடந்து ஆற்றங்கரையில் கடலைத் தொடுகிறது. அங்கிருந்து கொஞ்சம் கிழக்கே மண்டபம். பாசி ஆராய்ச்சி செய்யும் நண்பரோடு அங்கே நான்கு நாள் இருந்தேன். கோடு எழுதிப் பிழைக்கிறவன், வகைப்படுத்துவது நமக்குக் கைவந்த வேலை என்று ஒரு திமிர். முதல் நாளே போய்விட்டது.

நிறத்தை நம்பி ஏமாந்தேன். பச்சையாக இருந்ததைப் பச்சைப்பாசி என்றேன். அது வெயிலில் நிறம் போன சிவப்புப்பாசி. வடிவமும் அப்படித்தான். அலை அடிக்கிற பாறையில் குட்டையாக இருப்பது, அமைதியான தண்ணீரில் நீண்டு கிடக்கும். அதனால் நீர் வற்றும் நேரத்தில் இறங்கி, பாறையைப் பற்றியிருக்கும் அடிப்பிடிப்போடு எடுக்க வேண்டும். எதன்மேல், எந்த ஆழத்தில் இருந்தது என்று அங்கேயே எழுதிக்கொள்ள வேண்டும். கரையில் ஒதுங்கியதைப் பொறுக்கி வந்தால் பாதிக் கதை கடலோடு போயிற்று.

கரையோரப் பெண்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. மூழ்கி, கையால் தடவியே சொல்வார்கள்: மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை. கொண்டையில் வைக்கிற மரிக்கொழுந்தைப் போல இருபுறமும் சின்னக் கிளைகள் விட்டிருப்பது முதலாவது, கெலிடியெல்லா அசெரோசா. ஆய்வுக்கூடத்துக்கு வேண்டிய கெட்டியான அகர் அதில் கிடைக்கிறது. கஞ்சிப்பாசியின் அகர் இளக்கமானது, சாப்பாட்டுக்குப் போகும். இரண்டும் கலந்தால் விலை அடிபடும். அவர்கள் வகைப்பாடு வயிற்றோடு கட்டப்பட்டது.

லேபில் அந்த மரிக்கொழுந்தையே பிளேடால் குறுக்கே சீவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார் நண்பர். என் முதல் பத்துச் சீவலும் தோசைக் கனம். பதினொன்றாவதில்தான் செல்கள் தெரிந்தன. பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும் கெலிடியத்தின் உள்ளே, தடித்த சுவர் கொண்ட மெல்லிய இழைகள் ஓடும். கெலிடியெல்லாவில் அவை கிடையாது. 'இல்லை' என்பதைப் பார்க்கத்தான் அவ்வளவு பாடு. 1934இல் ஃபெல்ட்மனும் ஹாமெலும் இதைத் தனிப் பேரினமாகப் பிரித்தார்கள். 'அசெரோசா' என்ற பின்பாதி இன்னும் பழையது. லின்னேயஸின் மாணவர் ஃபோர்ஸ்கால், டேனிஷ் பயணக் குழுவோடு செங்கடல் போய், 1763இல் யேமனில் மலேரியாவில் செத்தார். அவர் எழுதிவைத்ததைக் குழுவில் உயிர் பிழைத்த ஒரே ஆளான நீபூர் 1775இல் அச்சேற்றினார். மன்னார் வளைகுடாப் பெண் கையால் பறிப்பது அந்தப் பெயரைத்தான்.

நம் பக்கத்துப் பட்டியல் எம்.ஓ.பி. அய்யங்காரிடமிருந்து வருகிறது. மண்டபத்துக்கு அருகே இருக்கும் குருசடைத் தீவின் தாவரங்களைப் பற்றி 1927இல் சென்னை அருங்காட்சியக வெளியீட்டில் எழுதினார். அதையொட்டிய வருடங்களில் கோபன்ஹேகனிலிருந்து பார்கெசன் வந்து சேகரித்துப் போனார். தென்னிந்தியப் பாசிகள் பற்றிய அவரது கட்டுரைகள் 1937, 38இல் இந்தியத் தாவரவியல் கழக இதழில் வந்தன. படிக்க வறட்சியான சமாச்சாரம், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் 2008இல் அதே குருசடையில் பவளத்தின் மேல் காப்பாபைகஸ் படர்ந்து மூடுவதாக கரண்ட் சயின்ஸ் இதழ் சொன்னது. பண்ணை வளர்ப்புக்காக வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட பாசி. எது வந்தேறி, எது ஊர்க்காரன் என்று பேச, முன்னால் என்ன இருந்தது என்ற கணக்கு வேண்டும். அந்தக் கணக்கின் முதல் பக்கங்கள் இவர்கள் எழுதியவை. அதே காப்பாபைகஸால்தான் பல மீனவக் குடும்பங்களுக்கு மாதச் சம்பாத்தியம் என்பதும் உண்மை. நண்பரிடம் இதைக் கேட்டபோது அவர் பதில் சொல்லாமல் டீ வாங்கப் போனார்.

ஊர் திரும்பியதும் தோட்டத்தில் அப்பா திராட்சைக்கு அடிக்கும் கேனை எடுத்துப் பார்த்தேன். 'கடல்பாசிச் சாறு' என்று மட்டும் போட்டிருந்தது.

"என்ன பாசிப்பா இது?"

"கொடி தழைக்குதுல்ல, அப்புறம் என்ன?" என்றார்.