கல்லறைகளை எண்ணியவர்கள்

நவம்பர் 2 அன்று நாம் கல்லறைத் தோட்டத்தில் இருப்போம். முந்திய நாளே புல் செதுக்கி, சுண்ணாம்பு பூசி, செவ்வந்திப் பூக்களைத் தூவி, மெழுகுதிரிகளை வாங்கி வைத்திருப்போம். குருவானவர் வரிசை வரிசையாக மந்திரித்துக்கொண்டு வரும்போது, மங்கிப்போன எழுத்துகளை விரலால் தடவிப் பிள்ளைகளுக்குச் சொல்லுவோம்: இது உன் பாட்டன், இது உன் அத்தை. இறந்தவர்க்கு ஒரு கல்லும், அந்தக் கல்லில் ஒரு பெயரும் இருப்பது நமக்கு மிகச் சாதாரணமான காரியம். அந்தப் பெயரைப் பதிந்து வைப்பதற்காகவே ஒரு சிறிய மக்களினம் கால் நூற்றாண்டுக் காலம் உயிரைப் பணயம் வைத்தது என்றால் நம்புவோமா?

ஆம். அந்த நாடு கிழக்குத் திமோர். ஆசியாவில் பிலிப்பைன்சுக்கு அடுத்துக் கத்தோலிக்கரைப் பெரும்பான்மையாகக் கொண்ட நாடு. ஆயினும் அதன் பாடுகளின் வரலாற்றை நம்மில் அறிந்தவர் சிலரே.

பூட்டப்பட்ட தீவு

ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே கிடக்கும் திமோர்த் தீவின் மேற்குப் பாதி டச்சுக்காரரிடமும் கிழக்குப் பாதி போர்ச்சுகீசியரிடமும் இருந்தன. டச்சுப் பகுதி இந்தோனேசியாவுடன் சேர்ந்தது. 1974 ஏப்ரலில் போர்ச்சுகலில் சர்வாதிகாரம் கவிழ்ந்தபோது, கிழக்குப் பகுதிக்கும் விடுதலையின் வாசல் திறந்தது. ஆனால் உள்நாட்டுக் கட்சிகள் தமக்குள் மோதிக்கொண்டன. 1975 நவம்பர் 28 அன்று ஃபிரெத்திலின் இயக்கம் விடுதலையை அறிவித்தது. ஒன்பதே நாள்களில், டிசம்பர் 7 அன்று, இந்தோனேசியப் படைகள் தலைநகர் டிலியில் இறங்கின. மறு ஆண்டு அந்நிலம் இந்தோனேசியாவின் 27ஆவது மாநிலம் என்று அறிவிக்கப்பட்டது.

ஐக்கிய நாடுகள் அவை இந்த இணைப்பை ஒருபோதும் ஏற்கவில்லை. படைகள் விலக வேண்டும் என்று பாதுகாப்பு அவை 1975 டிசம்பரிலேயே தீர்மானம் நிறைவேற்றியது. ஆனால் தீர்மானம் காகிதத்தில் இருந்தது. துப்பாக்கி தெருவில் இருந்தது. உலகச் சட்டத்தின்படி ஒரு நாடு, இராணுவத்தின் கணக்குப்படி வேறொரு நாடு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட இருளில் மக்கள் மடிந்தார்கள்.

அந்த இருளைப் பார்ப்பதற்குக் கண்களே இல்லாமற் செய்யப்பட்டது. படையெடுப்புக்கு முன்னரே, 1975 அக்டோபரில், எல்லைப்புறத்துப் பலிபோ ஊரில் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சிகளுக்காகப் பணியாற்றிய ஐந்து செய்தியாளர்கள் கொல்லப்பட்டனர். 1979 வரை செஞ்சிலுவைச் சங்கத்தின் நிவாரணப் பணிக்கும் வழியில்லை. 1988 இறுதிவரை வெளியாருக்குத் தீவின் கதவு ஏறக்குறைய முற்றிலும் மூடியே கிடந்தது. மலைகளில் ஒளிந்த மக்கள் குண்டுவீச்சுக்கும் பட்டினிக்கும் இரையாயினர். சரணடைந்தவர்கள் முகாம்களில் பசியாலும் நோயாலும் மாண்டனர். எத்தனை பேர் என்று கேட்பாரில்லை, கேட்டாலும் சொல்வாரில்லை.

பங்குக் கோவில் ஒரு பதிவேடானது

இந்நிலையில் ஊருக்கு ஊர் கிளை பரப்பி நின்ற ஒரே அமைப்பு திருச்சபைதான். எந்த வீட்டில் யாரைக் காணவில்லை என்பது பங்குக் குருவுக்குத் தெரியும். கைம்பெண்ணும் தாயும் வந்து அழுத இடம் கோவில். ஞானஸ்நானப் புத்தகமும் இறந்தோர் பதிவேடும் இருந்த இடமும் அதுவே. மனித உரிமைக் கண்காணிப்பு என்று நாம் இன்று பெரிய சொற்களில் சொல்லும் பணி அங்கே இவ்வாறுதான் தொடங்கியது: யார், எந்த ஊர், என்ன வயது, எந்த நாள், கொண்டுபோனவர்கள் யார், கண்டவர் யார். இந்தச் சிறு கேள்விகளுக்கான விடைகள் கடிதங்களாகக் கைமாறித் தீவைக் கடந்தன. இலண்டனில் இயங்கிய தாபோல் அமைப்பும், அனைத்துலக மன்னிப்புச் சபையும், போர்ச்சுகலிலும் ஆஸ்திரேலியாவிலும் இருந்த நண்பர்களும் அவற்றைப் பெற்று உலகின் முன் வைத்தனர்.

டிலி மறைமாவட்டத்தை நிர்வகித்த பேரருட்திரு மார்ட்டின்ஹோ டா கோஸ்தா லோப்பஸ் முதலில் அதிகாரிகளிடம் தனியே முறையிட்டுப் பார்த்தார். பயனில்லை என்று கண்டபின், 1981இல் மேடையேறிப் பகிரங்கமாகவே பேசினார். பஞ்சம் வரப்போகிறது என்று அவர் ஆஸ்திரேலியாவுக்கு எழுதிய கடிதம் வெளியானது. விலை அதிகம்: நெருக்கடி முற்றி, 1983இல் அவர் பதவி விலக நேர்ந்தது. 1991இல் லிஸ்பனில், தாய்மண்ணைக் காணாமலே கண்மூடினார்.

அவருக்குப் பின் வந்தவர் சலேசிய சபைக் குரு கார்லோஸ் பெலோ. அமைதியாக இருப்பார் என்று எதிர்பார்க்கப்பட்ட அவரும், கிராராஸ் கிராமப் படுகொலையைக் கண்டித்துச் சில மாதங்களிலேயே மறையுரையில் குரலெழுப்பினார். 1989 பிப்ரவரியில், மக்களின் விருப்பத்தை வாக்கெடுப்பால் அறியுங்கள் என்று ஐ.நா. பொதுச் செயலருக்கு எழுதினார். 1975இல் மூன்றில் ஒரு பங்கினர்கூடக் கத்தோலிக்கர் அல்லாத அந்த மண்ணில், இருபது ஆண்டுகளுக்குள் பத்தில் ஒன்பது பேர் கத்தோலிக்கர் ஆயினர். ஏதேனும் ஒரு சமயத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற அரசு விதி ஒரு காரணம். தெத்தும் மொழியில் வழிபட்டு, மக்களோடு மக்களாக நின்ற திருச்சபையை அவர்கள் தமதென்று கண்டது மற்றொரு காரணம்.

பத்தொன்பதா, இருநூற்றெழுபத்தொன்றா?

1991 அக்டோபர் 28 அன்று டிலியின் மோட்டாயெல் கோவிலில் அடைக்கலம் புகுந்திருந்த செபஸ்தியாவோ கோமஸ் என்ற இளைஞர் கொல்லப்பட்டார். இரண்டு வாரம் கழித்து, நவம்பர் 12 காலையில், அவருக்காகத் திருப்பலி நடந்தது. பின்னர் மக்கள் மலர்களோடு சாந்தா குரூஸ் கல்லறைத் தோட்டத்துக்குப் பவனியாகச் சென்றனர். வழியில் விடுதலைப் பதாகைகள் விரிந்தன. கல்லறை வாயிலில் படையினர் கூட்டத்தின்மீது சுட்டார்கள். பூ வைக்க வந்தவர்கள் கல்லறைகளுக்கிடையே வீழ்ந்தார்கள்.

இத்தகைய கொலைகள் அதற்கு முன்னும் நடந்தவையே. இம்முறை ஒரு வேறுபாடு இருந்தது. மாக்ஸ் ஸ்டால் என்ற ஆங்கிலேயப் படப்பிடிப்பாளர் உள்ளே இருந்தார். தாம் எடுத்த ஒளிநாடாக்களை அங்கேயே ஒரு கல்லறையில் புதைத்து வைத்தார். கைதாகி விடுவிக்கப்பட்டபின், இரவில் திரும்பி வந்து தோண்டி எடுத்தார். இறந்தவர்கள் அந்தச் சாட்சியத்தைக் காத்துக் கொடுத்தார்கள் எனலாம். உலகத் தொலைக்காட்சிகளில் அது ஒளிபரப்பானபின், நடக்கவில்லை என்று சொல்வதற்கு எவருக்கும் வழியில்லாமற் போயிற்று.

எனினும் எத்தனை பேர் என்ற கேள்வி நின்றது. பத்தொன்பது பேர் என்றது இராணுவம். ஏறத்தாழ ஐம்பது என்றது அரசு அமைத்த விசாரணைக் குழு. போர்ச்சுகலில் இருந்த ஓர் ஆதரவுக் குழு வீடு வீடாகத் திரட்டப்பட்ட செய்திகளைச் சேர்த்து 271 பேரின் பட்டியலை வெளியிட்டது. அந்தப் பட்டியலின் வலிமை அதன் எண்ணில் இல்லை, பெயர்களில் இருந்தது. வெறும் எண்ணை மறுக்க மற்றோர் எண் போதும். பெயரை மறுக்க வேண்டுமாயின், அந்தப் பெயருக்குரியவரை உயிரோடு கொண்டுவந்து நிறுத்த வேண்டும்.

நீதி என்னவாயிற்று? படையினரும் காவலருமாகப் பத்துப் பேருக்கு எட்டு முதல் பதினெட்டு மாதங்கள் வரை சிறை. பவனியிலும் ஆர்ப்பாட்டத்திலும் பங்குகொண்ட குடிமக்களுக்கோ ஆயுள் தண்டனை வரை. ஆனாலும் பதிவு தன் வேலையைச் செய்துகொண்டே இருந்தது. 1994இல் ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் டிலிக்கு வந்து விசாரித்தார். 1996இல் ஆயர் பெலோவுக்கும், நாடுகடந்து வாழ்ந்த ஜோசே ராமோஸ் ஹோர்த்தாவுக்கும் நொபெல் அமைதிப் பரிசு கிடைத்தது.

1999 ஆகஸ்டு 30 அன்று ஐ.நா. மேற்பார்வையில் வாக்கெடுப்பு நடந்தது. ஏறத்தாழ எல்லாரும் வாக்களித்தனர், 78.5 விழுக்காட்டினர் விடுதலையைத் தேர்ந்தனர். ஆனால் பாதுகாப்புப் பொறுப்பு இந்தோனேசியக் காவல்துறையிடமே விடப்பட்டிருந்தது. முடிவு வெளியானதும் ஊர்கள் எரிந்தன. செப்டம்பர் 6 அன்று சுவாய் கோவிலில் தஞ்சம் புகுந்த மக்களோடு மூன்று குருக்களும் கொல்லப்பட்டனர். அவர்களுள் ஒருவரான இயேசு சபைக் குரு தேவாந்தோ இந்தோனேசியர். கொன்றவர்களின் நாட்டவர் ஒருவர், கொல்லப்பட்டவர்களின் பக்கம் நின்று உயிர் கொடுத்தார் என்பதை நாம் மறக்கலாகாது. பார்வையாளர்கள் பார்த்தார்கள், எழுதினார்கள், தடுக்க இயலவில்லை. கண்காணிப்பு கேடயம் அன்று. அது கேடயத்தை அனுப்பச் சொல்லும் குரல் மட்டுமே. அக்குரலுக்குச் செவிசாய்த்துப் பன்னாட்டுப் படை வந்திறங்கியது செப்டம்பர் 20 அன்றுதான்.

சிறைக்கூடத்தில் ஓர் எண்ணிக்கை

2002 மே 20 அன்று நாடு விடுதலை பெற்றது. இறந்தோரை எண்ணும் பணியை உண்மை, ஏற்பு, ஒப்புரவு ஆணைக்குழு ஏற்றது. அதன் அலுவலகம், கைதிகள் வதைபட்ட டிலியின் பழைய பாலிடே சிறைக்கூடம். ஏறத்தாழ 7,700 பேர் வாக்குமூலம் அளித்தனர். அத்தோடு நில்லாமல், பணியாளர்கள் நாடெங்கும் உள்ள கல்லறைத் தோட்டங்களுக்குச் சென்று கல்லறைகளையே எண்ணினார்கள். மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட கற்களைக் கணக்கெடுத்தார்கள். எந்த ஆண்டுகளில் கற்கள் பெருகின என்று பார்த்தார்கள். அதுவும் போதாது, கல்லே பெறாதவர்களும் உண்டல்லவா? அதற்காக வீடுகளுக்குச் சென்று கேட்டார்கள்.

இம்மூன்றையும் ஒப்பிட்டு ஆணைக்குழு சொன்ன முடிவு: 1974 முதல் 1999 வரை மோதலால் இறந்தவர்கள் குறைந்தது ஏறத்தாழ 1,02,800 பேர். அவர்களுள் கொல்லப்பட்டவர்கள் சுமார் 18,600. பசியாலும் நோயாலும் இறந்தவர்கள் சுமார் 84,200. துப்பாக்கியைவிடப் பட்டினியே அதிகம் பேரைக் கொன்றது என்ற உண்மை இவ்வாறு கற்களிடமிருந்து தெரியவந்தது. 2005இல் அளிக்கப்பட்ட அந்த அறிக்கையின் பெயர் ‘ஷேகா’. போர்ச்சுகீசிய மொழியில் அதன் பொருள்: போதும்.

அந்த அறிக்கையை நாம் மதிப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. அது எதிரியின் குற்றங்களை மட்டும் எழுதவில்லை. 1975இல் திமோரியக் கட்சிகள் தம் சொந்தச் சகோதரரைக் கொன்றதையும் எழுதியது. அக்கட்சிகளின் தலைவர்கள் பொது விசாரணையில் மக்கள் முன் அமர்ந்து மன்னிப்புக் கேட்டனர். தன் வீட்டுக் குற்றத்தை விலக்கி வைக்கும் சாட்சியம் சாட்சியம் ஆகாது, வழக்காட்டமே ஆகும்.

நம் வீட்டுக் கணக்கு

இங்கே நாம் கனத்த மனத்தோடு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2022 செப்டம்பரில் டச்சு வார இதழ் ஒன்று, ஆயர் பெலோ சிறுவர்களைப் பாலியல் கொடுமைக்கு உட்படுத்தினார் என்ற குற்றச்சாட்டுகளை வெளியிட்டது. 2020 முதலே அவர்மீது ஒழுங்கு நடவடிக்கைக் கட்டுப்பாடுகள் உள்ளன என்று வத்திக்கான் அதன்பின் உறுதிப்படுத்தியது. அச்சிறுவர்களின் குரலைப் பதிந்துகொள்ள எந்தப் பதிவேடும் அன்று திறந்திருக்கவில்லை.

இதனால் அவர் மக்களுக்காக எழுப்பிய குரல் பொய்யாகிவிடுமா? இல்லை. சாந்தா குரூசில் இறந்தவர்கள் இறந்தவர்களே. ஆனால் அந்தக் குரலின் பெருமையைக் காட்டி இந்தக் குரல்களை அடக்கவும் நமக்கு உரிமையில்லை. பெரியவர்களின் பெயர் கெடக்கூடாது என்று மௌனம் காப்பது, நாட்டின் பெயர் கெடக்கூடாது என்று பத்தொன்பது என எண்ணியதற்கு எவ்வகையில் மேலானது? 2024 செப்டம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் டிலிக்குச் சென்றபோது, சிறுவர்க்கு இழைக்கப்படும் கொடுமைகளைத் தடுப்பது அனைவரின் கடமை என்று பேசினார். எவர் பெயரையும் அவர் சொல்லவில்லை. காயப்பட்டவர்கள் அதைக் கேட்டபோது என்ன நினைத்திருப்பார்கள் என்பதை நாமும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆபேலின் இரத்தம் மண்ணிலிருந்து கூப்பிட்டதாகத் தொடக்க நூல் சொல்லுகிறது. உன் சகோதரன் எங்கே என்ற கேள்வி காயினிடம் கேட்கப்பட்டது. அது மனிதகுலத்தின் முதல் விசாரணை. அக்கேள்வி ஆட்சியாளரிடம் கேட்கப்படும்போது நாம் மகிழ்கிறோம். நம்மிடம் கேட்கப்படும்போதும் தலைகுனிந்து விடை சொல்லக் கற்றோமானால், நம் மறைசாட்சிகளின் பெயருக்குள் இருக்கும் ‘சாட்சி’ என்ற சொல்லுக்கு நாம் தகுதியுடையவர்கள் ஆவோம்.

நவம்பர் 12 இன்று அந்நாட்டின் இளைஞர் நாள். மக்கள் மோட்டாயெல் கோவிலிலிருந்து சாந்தா குரூசுக்குப் பூக்களோடு நடக்கிறார்கள். அன்று எடுத்துச் செல்லப்பட்டவர்களில் பலரின் உடல்கள் இன்னும் கிடைக்கவில்லை. அவர்களுடைய தாய்மாருக்கு மெழுகுதிரி ஏற்றச் சொந்தமாக ஒரு கல் இல்லை. அடுத்த கல்லறைத் திருநாளில் நம் வீட்டுக் கற்களுக்கெல்லாம் ஏற்றி முடித்தபின், நம் கையில் ஒரு திரி மிஞ்சியிருக்கட்டும். கல்லில்லாதவர்களுக்காக அதைத் தோட்டத்தின் நடுச்சிலுவையின் கீழ் நட்டு வைப்போம்.