விண்ணுக்குச் செவி கொடுத்தோர்

வானத்தைக் கண்டு கை கூப்பியோர் கோடி; காது கொடுத்தோர் சிலரே. அச்சிலருள் முன்னோடி பிராங்க் டிரேக். 1960இல், அமெரிக்காவின் கிரீன் பாங்க்கிலே, 26 மீட்டர் வானொலித் தொலைநோக்கியை இரு விண்மீன்கள்பால் திருப்பினார், வேற்றுலகோர் குரல் கேட்குமா என்று. குரல் வரவில்லை; தேடல் நிற்கவில்லை.

1993இல் நின்றது அரசுப் பணம்! நாசாவின் தேடலுக்கு நிதி மறுத்தது அமெரிக்கப் பாராளுமன்றம். வீண் செலவாம்! பீரங்கிக்குப் பணம் கேட்டிருந்தால் இவ்வளவு எளிதில் மறுத்திருப்பரோ என்று கேட்கத் தோன்றுகிறது நமக்கு.

1999 மே 17ஆம் நாள், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் பொதுமக்களை அழைத்தனர். ‘செட்டி அட் ஹோம்’ என்பது திட்டத்தின் பெயர். வீட்டுக் கணிப்பொறி ஓய்ந்திருக்கும் வேளையைத் தந்தால் போதும் என்றனர். போர்ட்டோ ரிக்கோவிலே, அரசிபோவின் 305 மீட்டர் கிண்ணம் பிடித்த அலைகளைத் துண்டு துண்டாக்கி, இணையவழி அனுப்பினர். இயற்கை எழுப்பாத குறுகிய அலைவரிசைக் குறி ஏதும் உண்டா எனச் சலித்தன அப்பொறிகள். வந்து சேர்ந்தோர் 50 இலட்சத்திற்கும் மேல்! கூலி கேட்டவர் இல்லை. வரம் கேட்டவரும் இல்லை.

ஐயத்திற்குரிய குறிகள் குவிந்தன. ஆயினும் ‘கண்டோம்’ என்று அறிஞர் கூத்தாடவில்லை; மனிதன் எழுப்பிய இரைச்சலை முதலில் களைந்தனர். 2020 மார்ச் 31இல் பணிப் பங்கீடு நின்றது. அவ்வாண்டு டிசம்பர் 1இல் அரசிபோவும் இடிந்து வீழ்ந்தது. எஞ்சிய ஏறத்தாழ 100 குறிகளின் திசையைச் சீனத்தின் 500 மீட்டர் தொலைநோக்கியால் மீண்டும் நோக்க முற்பட்டனர், பெர்க்லி அறிஞர்கள்.