கடற்பாலத்தில் எழுந்த எல்லை

மாக் மண்டின் தொழிற்பேட்டைக்கு நாள்தோறும் காலையில் கெடா மாநிலத்திலிருந்து தொழிலாளர் பலர் மோட்டார் சைக்கிளில் வருகின்றனர். சுங்கை மூடாப் பாலத்தில் அவர்களை நிறுத்திக் கடப்பிதழ் கேட்பார் எவருமிலர். கேட்கும் நிலை ஒருகால் வந்திருக்கக்கூடும் என்பதை நம் மாணவருள் அறிந்தோர் சிலரே.

1946இல் நீரிணைக் குடியேற்றங்கள் கலைக்கப்பட்டுப் பினாங்கு மலாயாவோடு இணைக்கப்பட்டது. வரியற்ற துறைமுகத்தின் வாணிகம் நலியுமென அஞ்சிய வணிகர், 1948இன் இறுதியில் பிரிவினைக் குழு ஒன்றை அமைத்தனர். 1949 பிப்ரவரியில் குடியேற்ற மன்றத்தில் வந்த பிரிவினைத் தீர்மானம் 15க்கு 10 என்ற வாக்குக் கணக்கில் தோற்றது. செபராங் பிறையும் அக்குடியேற்றத்தின் பகுதியாதலின், தீர்மானம் வென்று லண்டனும் இசைந்திருப்பின், மூடா ஆறே நாட்டெல்லை ஆகியிருக்கும்.

நம் ஆற்றுக்கு நேராதது தெற்கே ஜொகூர் நீரிணைக்கு நேர்ந்தது. 1924 ஜூன் 28இல் திறக்கப்பெற்ற கடற்பாலம், ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே மிகுந்த நீளமுடையது. சாலையும் இருப்புப்பாதையும் அதன்மேல் அருகருகே சென்றன. சுங்கச் சோதனை அங்கே முன்பே இருந்ததுதான். ஆயினும் ஒரு கரையில் குடியிருந்து மறுகரையில் பணிபுரிவோர், தாம் வேற்று நாட்டுக்குச் செல்வதாக ஒருபோதும் எண்ணியதில்லை. 1963இல் மலேசியா அமைந்தபோது அவ்வெண்ணம் மேலும் உறுதிப்பட்டது.

1965 ஆகஸ்ட் 9இல் மக்களவை 126 வாக்குகளுடன், எதிர்ப்பு வாக்கு ஒன்றுமின்றிச் சிங்கப்பூரின் பிரிவினைச் சட்டத்தை ஏற்றது. பிரிவு ஒரு நாளில் முடிந்தது. எல்லை எழுவதற்கோ சில ஆண்டுகள் ஆயின. நம் பாடநூல்கள் அந்த ஒரு நாளோடு நின்றுவிடுகின்றன. மக்கள் பட்ட பாடு அதன் பிறகே தொடங்குகிறது.

குடிமக்கள் அல்லாதார்க்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டுமெனச் சிங்கப்பூர் அவ்வாண்டிலேயே சட்டம் இயற்றியது. 1967இல் கடற்பாலத்தில் கடப்பிதழ்ச் சோதனை நிலைபெற்றது. அதே ஆண்டு ஜூன் 12இல் பொது வெள்ளி மறைந்து இரு நாணயங்கள் தோன்றின. அவையும் 1973 மே வரை ஒன்றுக்கொன்று சமமாகவே மாறின. அதன்பின் சம்பளம் எந்த வெள்ளியில் என்று கேட்க வேண்டியதாயிற்று. இங்ஙனம் ஒவ்வொரு வசதியும் தனித்தனியே நீங்கியமையால், எந்நாளில் முடிவெடுப்பது என்பதே குடும்பங்களுக்கு விளங்கவில்லை. தண்ணீர் மட்டும் தப்பியது. 1961, 1962ஆம் ஆண்டுகளின் நீர் ஒப்பந்தங்களுக்குப் பிரிவினை உடன்படிக்கையே உறுதி அளித்தது.

என் தாய்மாமன் செம்பவாங் கடற்படைத் தளத்தில் பணியாற்றியவர். வீடு ஜொகூர் பாருவில். மூத்த மகன் அங்கேயே பிறந்தான். 1964இல் அத்தையின் தாயார் சிங்கப்பூரில் இருந்தமையால், இரண்டாம் பிரசவம் அக்கரையில் நிகழ்ந்தது. தலைப்பிரசவம் அன்று, ஆயினும் தாய்வீட்டில் இருக்கட்டுமே என்று எண்ணியதன்றி, அதில் அரசியல் எதுவும் இல்லை. அடுத்த ஆண்டே அக்குழந்தை வேற்று நாட்டுக் குடிமகள் ஆனாள். பள்ளி வயது வந்தபோது, அனுமதிக்கு அலைவதைக் காட்டிலும் பாட்டியிடம் வளரட்டும் என முடிவு செய்தனர். வாரந்தோறும் மாமா பாலம் கடந்து சென்று மகளைப் பார்த்து வருவார். அண்ணனும் தங்கையும் ஒருவருக்கொருவர் விருந்தினராகவே வளர்ந்தனர்.

எல்லைக்குள் எல்லை பிணைந்த விந்தையும் உண்டு. 1998இல் சிங்கப்பூர் தன் இரயில் பயணிகள் சோதனையை உட்லண்ட்சுக்கு மாற்றியது. மலேசியாவோ தஞ்சோங் பகார் நிலையத்திலேயே தன் சோதனையைத் தொடர்ந்தது. ஆகவே வடக்கே செல்பவர், சிங்கப்பூரை விட்டு நீங்குமுன்பே மலேசியாவுக்குள் நுழைந்தவர் ஆனார். நானும் அவ்வாறு ஒருமுறை பயணம் செய்தேன். அரை மணி நேரம் எந்நாட்டில் இருந்தேன் என்று இன்றும் மாணவரைக் கேட்பதுண்டு. 2011 ஜூலை 1 முதல் அந்நிலையம் மூடப்பட்டதோடு அப்புதிரும் தீர்ந்தது.

2020 மார்ச் 18இல் கொள்ளை நோயின் பொருட்டு எல்லை மூடப்பட்டது. நாள்தோறும் மூன்று இலட்சம் பேரளவில் கடந்த வழி அது. எக்கரையில் தங்குவது என ஓரிரு நாளில் முடிவெடுக்க வேண்டிய தொழிலாளர் பலர், துணிமூட்டையோடு அக்கரை சென்று ஆண்டுக்கணக்கில் திரும்ப இயலாது தவித்தனர்.

அவ்விடைக்காலத்தில் அத்தை காலமானார். சிங்கப்பூரில் இருந்த மகள் அனுமதி பெற்று, தனிமைப்படுத்தலையும் முடித்து வீடு சேர்ந்தபோது, பதினாறாம் நாள் சடங்கு கழிந்திருந்தது. இறுதி ஊர்வலத்தை அவள் கைப்பேசியில்தான் கண்டாள். 2022 ஏப்ரல் 1இல் பாலம் முழுமையாகத் திறந்தது. அண்ணன் மறுநாளே மோட்டார் சைக்கிளில் அக்கரை சென்று, தாயின் பழைய தையற்பெட்டியைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, நெரிசலுக்குமுன் திரும்பவேண்டுமென்று தேநீர்கூட அருந்தாமல் புறப்பட்டான்.