தகடூர்ச் சமணமும் எண்ணின் தத்துவமும்

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதியமானையும் ஔவையையும் வைத்தே இவ்வூரை நினைப்பது வழக்கம். 9-ஆம் நூற்றாண்டில், நுளம்பர் ஆட்சியில், இது சமணர் ஊராகவும் இருந்தது. நிதியண்ணன், சண்டியண்ணன் என்னும் வணிகர் இருவர் இங்கே பசதி என்னும் சமணக் கோயில் எழுப்பினர். நுளம்ப மன்னன் மகேந்திரன் அதற்கு மூலப்பள்ளி என்ற ஊரைக் கொடுத்தான். கன்னடக் கல்வெட்டின்படி கொடையைப் பெற்றவர் சேனான்வயம் என்னும் துறவியர் மரபைச் சேர்ந்த கனகசேன சித்தாந்த படாரர். கல்வெட்டு கணிதம் பேசவில்லை. அவருடைய மரபு பேசியது.

சமணத் தத்துவம் எண்ணை நாடியதற்கு ஓர் இக்கட்டு காரணம். வீடுபேறு அடைந்த உயிர் பிறவிக்குத் திரும்புவதில்லை. அப்படியானால் உயிர்கள் ஒவ்வொன்றாகக் கரையேறி, ஒரு நாள் உலகம் காலியாகிவிடாதா? வரவே இல்லாமல் செலவானாலும் தீராததே அனந்தம் என்பது அவர்கள் விடை. அந்த விடையைக் காக்க, தீர்வது எது, தீராதது எது என்று வரையறுக்க வேண்டியிருந்தது. எண்ணத்தக்கது, எண்ணற்கரியது, அனந்தம் என எண்கள் மூன்றாயின. அவற்றுக்குள்ளும் பல படிகள்.

எண்ணத்தக்கதன் எல்லையைக் காட்ட அவர்கள் சொன்ன வழி வியப்பானது. நூறாயிரம் யோசனை (பழைய தூர அளவு) விட்டமும் ஆயிரம் யோசனை ஆழமும் உள்ள குழியைக் கடுகால் நிரப்பு. சமணர் கருதிய உலகில் ஒன்றையொன்று வளையமாகச் சூழும் தீவுகளிலும் கடல்களிலும், தீவுக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று என்று போட்டுக்கொண்டே போ. கடைசிக் கடுகு விழுந்த இடம்வரை அகன்ற புதுக் குழி வெட்டி மறுபடி நிரப்பு. இப்படி எத்தனை முறை நிரப்பினோம் என்பதைக் கணக்கு வைக்கவே வேறு குழிகள் உண்டு. எல்லாம் நிறைந்தபின் கிடைக்கும் எண்ணில் ஒன்று குறைந்தால், அதுவே எண்ணத்தக்கவற்றுள் பெரியது. பெரிய எண்ணைச் சொல்லிப் பயமுறுத்தாமல், அதை அடையும் விதியைச் சொன்னதுதான் இதன் கணித மதிப்பு.

816-இல் முடிந்ததாகக் கருதப்படும், சமண ஆகமத்துக்கான தவள உரையில் வீரசேனர் இதை மேலும் கூர்மையாக்கினார். ஓர் எண்ணை எத்தனை முறை பாதியாக்கலாம் என்று பார்க்கும் 'அர்த்தச்சேதம்' அவரிடம் விரிவான கருவி. 32-க்கு அது 5. இன்றைய மொழியில் இரண்டடிமான மடக்கை. வீரசேனரையும் சேனான்வயத்தில் வைத்தே பின்வந்த குணபத்திரர் சொல்கிறார்.

இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்துக் கணித அறிஞர் மகாவீரர் வேறு வகை. 'கணிதசாரசங்கிரகம்' நடைமுறைக் கணக்கு நூல். ஆனால் எதிர்ம எண் இயல்பிலேயே வர்க்கம் அல்லாததால் அதற்கு வர்க்கமூலம் இல்லை என்று அவர் வாதிடும்போது தத்துவக்காரரின் குரல் கேட்கிறது. சுழியால் வகுத்தால் எண் மாறாது என்றதில் அவர் சறுக்கினார்.

19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியக் கணித அறிஞர் கான்டர் முடிவிலிகளிலும் சிறிது பெரிது உண்டென்று நிறுவினார். சமணர் அவரை முந்திவிட்டனர் என்பது மிகை. அவர்கள் வகைப்படுத்தினர், நிறுவவில்லை. முழுமையாகவே இருக்கும் முடிவிலியை அரிஸ்டாட்டில் மறுத்திருக்க, இவர்கள் அஞ்சாமல் ஏற்றார்கள் என்பதே பொருட்படுத்தத்தக்கது.

ஒப்பிட்டுப் பார்க்க நூல்கள் கைக்கு வந்ததே தாமதமாகத்தான். மகாவீரரின் நூலை ரங்காச்சாரியார் 1912-இல் சென்னையில் பதிப்பித்தார். மூடபித்ரியில் ஓலையாகப் பூட்டிக்கிடந்த தவளம், ஹீராலால் ஜெயினின் முயற்சியால் 1939 முதல் அச்சேறியது.