பெயர் எழுதாத படங்கள்

ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்து குடியேறியபோது, இங்கிலாந்தில் ஏற்கெனவே பேர்போன படப்பிடிப்பாளர். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில்தான் கமரா அவர் கைக்கு வந்தது. டார்வின், டெனிசன், கார்லைல் என்று அக்காலப் பெரியவர்கள் அதன் முன் அமர்ந்தார்கள். கணவர் சார்ல்ஸ், இலங்கையின் ஆட்சியையும் நீதி அமைப்பையும் மாற்றிய கோல்புறூக் – கமரன் ஆணைக்குழுவில் ஒருவர். மலையகத்தில் கோப்பித் தோட்டம் வைத்திருந்தவர். ஜூலியா 1879இல் இங்கேயே இறந்து பொகவந்தலாவையில் அடக்கமானார். அவர் இலங்கையில் எடுத்த படங்களில் எஞ்சியவை 30க்கும் குறைவு. அவற்றில் தெரியும் தமிழரும் சிங்களவருமான உழைப்பாளிகளின் பெயர்கள் நமக்கு வந்து சேரவில்லை. முகம் எவ்வளவு துலக்கமாக விழுந்தாலும், பெயர் இல்லாத படம் பாதிச் சாட்சிதான் என்பதற்கு இவை போதும்.

அக்கறைக் குறைவால் இப்படி ஆனது என்று சொல்லிவிட முடியாது. அன்றைய முறையில் கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி நைத்திரேற்றில் தோய்த்து, ஈரம் காயுமுன் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். அமர்ந்தவரும் நெடுநேரம் அசையாமல் இருக்க வேண்டும். அத்தனை பாட்டையும் கமரன் இவர்களுக்காகவும் பட்டார். பாஷை தெரியாததால் பெயர் விடுபட்டது என்பாரும் உண்டு. அதற்கு அவருடைய படமே பதில் சொல்கிறது. 1878இல் எடுத்த களுத்துறைக் குடியானவர் படத்தின் குறிப்பில், பெண்ணுக்கு வயது 12 என்றும், முதியவர் தம்மை அவளுடைய தகப்பன் என்றும் தமக்கு நூறு வயது என்றும் சொல்வதாகவும் எழுதியிருக்கிறார். வயதையும் உறவையும் கேட்டு எழுத முடிந்தவருக்குப் பெயரைக் கேட்பது பெரிய காரியமல்ல.

இங்கிலாந்திலும் அவர் பணிப்பெண்களை மாதாவாகவும் காவியப் பாத்திரங்களாகவும் நிறுத்தினாரே, அது கலைஞரின் வழக்கம்தானே என்று கேட்கலாம். வழக்கம்தான். ஆனாலும் மாதாவாக நின்ற பணிப்பெண் மேரி ஹில்லியரின் பெயர் இன்றும் தெரியும். களுத்துறையில் அதே கமராவின் முன் நின்ற விருந்தாளி, ஓவியர் மரியான் நோர்த்தின் பெயரும் தெரியும். யாருடைய பெயர் நிலைக்க வேண்டும் என்பதைச் சமூகப் படிநிலையே தீர்மானித்தது. உடையும் நகையும் முகபாவமும் இருக்க, பெயர் எதற்கு என்பது கடைசி வாதம். ஒரு காலத்தின் உடுப்பை அறிய அவை உதவும். ஆனால், இது எங்கள் பாட்டி என்று ஒரு குடும்பம் உரிமை கொண்டாட அவை உதவா.

இந்தக் குறை வெளியார் எடுத்த படங்களோடு முடிவதில்லை. யாழ்ப்பாணத்தில் 1995 இடப்பெயர்வில் எத்தனையோ குடும்பங்கள் அல்பங்களை விட்டுவிட்டு ஓடின. தப்பியவை இன்று கொழும்பிலும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் சிதறிக் கிடக்கின்றன. கல்யாணக் குழுப்படத்தில் இரண்டாம் வரிசையில் நிற்பவர் யார் என்று சொல்லக்கூடிய அம்மம்மாமாரும் அப்பப்பாமாரும் குறைந்து வருகிறார்கள். ஆகவே, அவர்கள் இருக்கும்போதே ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் பெயர், ஊர், உறவு, ஆண்டு ஆகிய நான்கையும் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். ஒரு பிரதியை நூலகம் நிறுவனம் போன்ற ஆவணக் காப்பகங்களுக்கும் கொடுங்கள்.