திருக்கோணமலைத் துறைமுகமும் கடலோடியின் தொலைகாட்டியும்

இந்துமாகடலின் கீழ்த்திசை வாணிபத்துக்கும் கடற்போருக்கும் திருக்கோணமலை நெடுங்காலம் திறவுகோலாய் விளங்கியதற்குக் காரணம் அதன் ஆழமும் அகலமும் மட்டுமல்ல. சோளகக் காற்று ஓய்ந்து வாடை தொடங்கும் ஐப்பசி கார்த்திகைக் காலத்திற் சோழமண்டலக் கரையில் நங்கூரமிட்டு நிற்பது பாய்க்கப்பலுக்குப் பேராபத்து. சென்னையில் அக்காலத்தில் இருந்தது திறந்த கடல், துறைமுகம் அன்று. ஆகவே வாடைக்கு முன் திருக்கோணமலையைத் தன்வசம் வைத்திருப்பவன் எவனோ, அவனே வங்கக்கடலின் மேற்குப் பகுதியில் தங்கிநிற்க வல்லவன். இவ்வுண்மை பதினெட்டாம் நூற்றாண்டின் கடற்படைத் தலைவர் அனைவரும் அறிந்ததே. எனினும் 1782ஆம் ஆண்டில் அத்துறைமுகம் கைமாறிய செய்தி ஓர் ஆங்கிலத் தலைவருக்குத் தொலைகாட்டியின் வழியே, காலந்தாழ்ந்து எட்டியதென்பது சிந்திக்கற்பாலது.

1782ஆம் ஆண்டு சனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து திருக்கோணமலையைக் கைப்பற்றினர். சூலை மாதத்தில் நாகப்பட்டினத்துக்கு அண்மையில் நிகழ்ந்த கடற்போரின்பின் ஆங்கிலத் தலைவர் சேர் எட்வேட் ஹியூஸ் தம் கப்பல்களைச் செப்பனிடச் சென்னைக்குச் சென்றார். பிரெஞ்சுத் தலைவர் சூப்ரென் அவ்விடைவெளியைப் பயன்படுத்தி, ஆகஸ்டு மாத இறுதியில் திருக்கோணமலையில் படையிறக்கி அதன் கோட்டைகளைச் சரணடையச் செய்தார். செப்டெம்பர் 2ஆந் திகதி ஹியூஸ் துறைமுகத்துக்கு அப்பாற் கடலில் வந்து சேர்ந்தார். மறுநாட் காலை கோட்டைகளின்மீது பறந்தது பிரெஞ்சுக் கொடி.

தொலைகாட்டி அங்கே செய்ததென்ன? உள்ளதை உள்ளவாறு காட்டியது, அவ்வளவே. சென்னையிற் கழிந்த நாட்களை அதனால் மீட்டுத்தர இயலவில்லை. அன்று பிற்பகல் துறைமுகத்துக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 25 மைல் தொலைவில், 14 பிரெஞ்சுக் கப்பல்களும் 12 ஆங்கிலக் கப்பல்களும் மோதின. பகைவரை நெருங்குமாறு சூப்ரென் கொடியால் அடையாளம் காட்டினார். அதனைக் கவனிக்கச் செய்தற்பொருட்டு ஒரு பீரங்கியும் சுடப்பட்டது. அவ்வொலியைப் போர் தொடங்கும் ஆணையென்று கொண்டு, எட்டாத தொலைவிலிருந்தே பிரெஞ்சுக் கப்பல்கள் சுடலாயின. கண்ணுக்குச் சொன்னதைக் காது கெடுத்தது எனலாம். பின்னர்ச் சூப்ரெனின் 'ஈரோ' என்னும் தலைமைக் கப்பலின் நடுப்பாய்மரம் கொடியோடு வீழ்ந்தபொழுது, கொடியைக் காணாத ஆங்கிலேயர் அக்கப்பல் பணிந்துவிட்டதென ஆர்த்தனர். சூப்ரென் கப்பலைச் சுற்றி வெண்கொடிகளைக் கட்டுவித்தார். அந்நாளில் வெண்கொடியே பிரெஞ்சு அரசின் கடற்கொடி. வரலாற்றாசிரியர் இத்தோல்விக்கு நிகரான முடிவைப் பெரும்பாலும் பிரெஞ்சுத் துணைத்தலைவரின் கீழ்ப்படியாமைமேற் சுமத்துவர். அது முற்றும் பொய்யன்று. ஆயினும் புகையும் காற்றும் கொடியை மறைக்கும் கடலில், 'கண்டும் கீழ்ப்படியவில்லை' என்பதற்கும் 'காணவில்லை' என்பதற்கும் இடையே வேறுபாடு காண்பது எளிதன்று.

துறைமுகம் பிரெஞ்சுக்காரர் வசமே நின்றது. ஹியூஸ் சென்னைக்கு மீண்டு, வாடைக்கு அஞ்சி பம்பாய் வரை செல்ல நேர்ந்தது. வென்றவர்க்கும் இழப்புண்டு: மீண்டும் திருக்கோணமலைக்குள் நுழைகையில் 74 பீரங்கிகள் கொண்ட அவர்தம் 'ஓரியான்' கப்பல் தரைதட்டி அழிந்தது.

அக்காலக் கடலோடியின் கையிலிருந்தது ஒற்றைக்குழாய்த் தொலைகாட்டி. 1608இல் ஒல்லாந்து நாட்டின் மிடில்பேர்க் நகர மூக்குக்கண்ணாடி வினைஞரான ஹான்ஸ் லிப்பர்ஷே இக்கருவிக்கு உரிமை வேண்டினார். மறு ஆண்டே கலிலியோ தாம் அமைத்த கருவியை வெனிசு நகர மணிக்கோபுரத்தின்மேல் ஏறிய பெரியோர்க்குக் காட்டினார். துறைமுகத்துக்கு வரும் கப்பலை முன்னதாகவே காணலாம் என்பதே அவர் அவர்களிடம் எடுத்துரைத்த பயன். 1758இல் லண்டன் வினைஞர் யோன் டொலண்ட் இருவகைக் கண்ணாடிகளை இணைத்த வில்லைக்கு உரிமை பெற்றபின், பொருளைச் சூழ்ந்து தோன்றிய நிறக்கறை பெரிதும் நீங்கிற்று. கொடியின் நிறத்தைக் கொண்டே நண்பனையும் பகைவனையும் பிரித்தறிந்த கடலோடிக்கு இது சிறு நன்மையன்று.

ஆயினும் எந்த வில்லையாலும் வெல்லவொண்ணாத தடை ஒன்றுண்டு. அது உலகின் வளைவு. கண்ணின் உயரத்தை அடியிற் கொண்டு, அதன் வர்க்கமூலத்தை ஏறத்தாழ 1.17ஆற் பெருக்கினால் தொடுவானத் தொலைவு கடல்மைலிற் கிடைக்கும். சிறு பாய்ப்படகில் 9 அடி உயரத்திற் கண்ணுள்ளவனுக்குத் தொடுவானம் மூன்றரைக் கடல்மைல். 100 அடிப் பாய்மரத்து உச்சியிலிருப்பவனுக்கு அது 11.7. குன்றொன்றின்மேல் 400 அடி உயரத்தில் நிற்பவனுக்கு 23 கடல்மைலுக்கு மேல். கோணேசர் கோயில் அமைந்த சுவாமிமலை பகைவர் அனைவரும் விரும்பிய இடமானதற்கு இக்கணக்கும் ஒரு காரணம். அங்கு நிற்கும் காவலன், தன்னை நோக்கி வருவோன் கோட்டைக் கொடியைக் காணுமுன்னரே அவன் பாயின் உச்சியைக் கண்டுவிடுவான்.

இருளிற் பயன்படுத்த அக்காலத்தில் 'இராக்குழாய்' என்றொரு வகை இருந்தது. உருவை நிமிர்த்தும் மேலதிக வில்லைகள் ஒளியைச் சிறிது சிறிதாக விழுங்கும். ஆகவே அவற்றை நீக்கி, அகன்ற வில்லையும் குறைந்த உருப்பெருக்கமும் கொண்டு இராக்குழாயை அமைத்தனர். அதிற் கப்பல் தலைகீழாகத் தோன்றும். ஒளிக்காக உருவின் நிமிர்வையே கைவிட்ட அக்கடலோடிகளின் தெரிவு, இருகண் தொலைகாட்டி தெரிவோர்க்கும் இன்றும் பொருந்துவதாம்.

இத்தாலியர் இக்னாசியோ பொரோ 1854இல் அரியங்களால் உருவை நிமிர்த்தும் முறைக்கு உரிமை பெற்றார். அது நற்கண்ணாடியின்றிச் சிறக்கவில்லை. 1894இல் யேனா நகரில் ஏர்ண்ஸ்ட் அபேயின் வழிகாட்டலில் சைஸ் நிறுவனம் அரிய இருகண் தொலைகாட்டிகளை விற்பனைக்குக் கொணர்ந்தது. இரண்டாம் உலகப்போரிற் பிரித்தானியக் கடற்படை பயன்படுத்திய கிளாஸ்கோ பார் அன்ட் ஸ்ட்ரவுட் நிறுவனத்தின் கருவி 7 மடங்கு உருப்பெருக்கமும் 50 மில்லிமீற்றர் வில்லையும் உடையது. திருக்கோணமலை அப்போரில் கீழைக் கடற்படையின் தளமாயிருந்து, 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்களின் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. அத்துறையிலிருந்து புறப்பட்ட 'ஹேர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. விண்ணிலிருந்து வரும் பகைவனை முன்னறிய ரேடார் வேண்டியிருந்தது. கடற்பரப்பை நோக்கும் காவலனின் கையில் இருகண் தொலைகாட்டி நீடித்தது.

ஏன் 7க்கு 50? ஐம்பதை ஏழால் வகுத்தால் வருவது ஏறத்தாழ 7 மில்லிமீற்றர். இருளில் இளைஞனின் கண்மணி விரியும் அளவும் அதுவே. 8க்கு 30 என்னும் கருவியிற் கண்ணை அடையும் ஒளிக்கற்றை 3.75 மில்லிமீற்றரே; நண்பகலுக்கு அது போதும், அந்திக்குப் போதாது. முதுமையிற் கண்மணி அத்துணை விரியாதாதலின் பெருவில்லையின் பயன் ஓரளவு குறையும். ஆயினும் ஆடும் படகில், கண் சற்று விலகினும் உரு மறையாமை அவ்வகன்ற ஒளிக்கற்றையின் நன்மை. உருப்பெருக்கம் பத்தானாற் கையின் நடுக்கமும் படகின் ஆட்டமும் பத்து மடங்காகும். கடையிற் பெரிய எண்ணைக் கண்டு மயங்குவோர் இதனை மறக்கலாகாது.

கொட்டியாரக்குடாவிற் பாய்விரித்துச் செல்வோன் முதலில் வெறுங்கண்ணாற் பொருளை நிலைநிறுத்தி, பார்வையை விலக்காமலே கருவியை உயர்த்தல் வேண்டும். முழங்கைகளை விலாவோடு சேர்த்து அமர்ந்து நோக்கின் நடுக்கம் தணியும். பாய்மரத்திற் சாய்ந்தாற் படகின் அதிர்வும் கருவியில் ஏறும். ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியே குவியம் செய்யும் வகை, நடுச்சக்கரம் உடையதினும் கடலுக்கு ஏற்றது. தொலைவுக்கு ஒருமுறை அமைத்தாற் பின் திருப்பவேண்டிய தேவை அரிது, உப்புநீர் புகும் வழியும் குறைவு. வில்லையிற் படிந்த உப்பை உலர்ந்த துணியால் துடைப்பது அதனைக் கீறுவதாகும்; நீர்புகா வகையாயின் முதலில் நன்னீரால் அலசிய பின்னரே மெல்லிய துணி. எம் கரையின் ஈரவெப்பத்தில், மூடிய தோலுறைக்குள் நாட்கணக்காகக் கிடக்கும் கருவியின் உள்ளே பூஞ்சணம் படர்ந்து கண்ணாடியையே அரிக்கும். உறையைவிட்டு, காற்றோட்டமுள்ள உலர்ந்த இடத்தில் வைத்தலே நன்று.